ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே

லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பயம்தான், கயிறு அறுந்து விழுந்துவிடுமோ என்று. அப்படி விழாது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். யாரும் நம்பியதில்லை. பெட்டியைத் தாங்குவது ஒரு கயிறு அல்ல, பல கயிறுகள். சுமக்க வேண்டிய பாரத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும்படிதான் அவற்றைப் போடுவார்கள். எல்லாமே அறுந்துபோனாலும் பெட்டிக்கு அடியில் இருக்கும் இரும்புத் தாடைகள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். லிஃப்ட்டில் சாவது அவ்வளவு சுலபமல்ல. நீங்களும் இந்த அறைக்கு லிஃப்ட்டில்தான் வந்திருப்பீர்கள். பயப்படாமல் திரும்பிப் போகலாம்.

ஏன் பத்து மடங்கு என்று ஒருமுறை மாலை வகுப்பில் கேட்டேன். சூப்பர்வைசர் தேர்வுக்காகப் போய்க்கொண்டிருந்த வகுப்பு அது. வேலை முடிந்து, கையிலிருக்கும் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவேன். கேள்வி கேட்கிற ஆள் இல்லை நான். கேட்கலாமா, முட்டாள்தனமாக இருக்குமா என்று நாலு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவேன். வாத்தியார் சொன்னார், "எவ்வளவு ஆபத்துன்னு உனக்குச் சரியாத் தெரிஞ்சா அந்த அளவுக்குப் போடு. தெரியலைன்னா கூட்டிப் போடு. கூடிப்போனா வீணாகிறது இரும்பு. குறைஞ்சுபோனா ஆளு."

அதற்குப் பிறகு நோய் வந்தது. ஊரை அடைத்தார்கள். அடைத்தது சரியா, எலியைப் பிடிக்க வீட்டையே கொளுத்துகிற கதையா என்று தொலைக்காட்சியில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் படித்தவர்கள்தான். நான் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டேன். யார் பேசி முடித்தாலும் அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றும். அப்புறம் வாத்தியார் சொன்னது ஞாபகம் வரும். தெரியலைன்னா கூட்டிப் போடு. மனசு ஒரு நிலைக்கு வந்துவிடும்.

எங்கள் கட்டடம் ஒன்பது மாடி. தரைத் தளத்தில் லிஃப்ட்டை ஒட்டினாற்போல் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும் உண்டு. லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் எனக்குக் கொடுத்த இடம். அங்கே நானும் அக்காவும் இருந்தோம். அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள், வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது, பல்வலிக்காரர்களின் எரிச்சலைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வது. எங்களுக்கு வேறு யாரும் இல்லை. என்னை வளர்த்தது அவள்தான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இழுப்புள்ள ஒருவரோடு ஒரே அறையில் வளர்ந்தால் ஒரு பழக்கம் வந்துவிடும். தூக்கத்திலும் ஒரு காது அடுத்த படுக்கையின் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் கிருமி மூச்சைப் பிடிக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

எதிர்க் கட்டடத்தில் முதல் மாதமே சிலரைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இறக்கினார்கள். அவர்களிடம் ஒழுங்கு இல்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் எல்லாரையும் போனில் ஒன்றாகப் பிடித்துக் கூட்டம் போட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். அதுவரை அந்தக் கட்டடத்தில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் லிஃப்ட்டு" என்பார்கள். அந்தக் கூட்டத்தில் நான் என் யோசனையைச் சொன்னேன்.

யோசனை எளிமையானது. லிஃப்ட் என்பது ஜன்னல் இல்லாத பெட்டி. ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுக்கிற இடம். ஆகவே இனி அதில் மனிதர்கள் ஏறக் கூடாது, சாமான் மட்டும் போகட்டும். வாசலுக்கு வரும் சாமான்களை நான் துடைத்து உள்ளே வைத்து, அந்தந்த மாடிக்கு அனுப்புவேன். எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். லிஃப்ட் ஓடும்போது நடைபாதையில் ஆள் இருக்கக் கூடாது. அதற்கு ஒரு சமிக்ஞை வேண்டும். பெட்டிக்குள் ஒரு அபாய மணி இருக்கிறது. யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு. மாட்டிக்கொள்ள ஆளே ஏறப்போவதில்லை என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். நீளமாக மணி அடித்தால் எல்லாரும் கதவைச் சாத்த வேண்டும். குட்டியாக இரண்டு தடவை அடித்தால் திறக்கலாம்.

ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். நான் மணியை அழுத்தியதும் ஒன்பது மாடியிலும் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். குழந்தைகள்கூட விளையாட்டை விட்டுவிட்டு ஓடுவார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்வதில் தவறில்லை. நல்ல பூட்டு விழும்போது வரும் சத்தம் அது. தலைவர் என்னை "இன்ஜினியர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் இன்னும் சூப்பர்வைசர் தேர்வே எழுதவில்லை என்று சொன்னேன். "உங்க அடக்கம்தான்ப்பா பிடிச்சிருக்கு" என்றார்.

இனித் தபால்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் அவர் மனைவியும் எட்டாவது மாடியில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவரை அண்ணன் என்றும் அந்த அம்மாவை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். ஊரே அடைந்து கிடக்க, அவர் மட்டும் தினமும் வெளியே போக வேண்டியிருந்தது. தபால் நிற்கக் கூடாது என்று உத்தரவு. நூறு கதவுகளைத் தட்டிவிட்டு மத்தியானம் எங்கள் கட்டடத்துக்குள் வருவார். அவரை வேறெங்காவது தங்கச் சொல்லலாம் என்று ஐந்தாம் மாடி வக்கீல் சொன்னார். வாசலிலேயே கூடாரம் போட்டுக் கொடுக்கலாம் என்று இன்னொருவர். படியில் ஏறி வரட்டும், கைப்பிடியைத் தொடாமல் வரட்டும், அது போதும் என்று சொன்னது நான். மற்றவர்கள் சொன்னதைவிட என்னுடையதுதான் மென்மையாக இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் நல்ல மனிதர், தமாஷாகப் பேசுவார். படியில் என்னைப் பார்த்தால் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்.

"என்னப்பா லிஃப்ட்டு, அரிசி மூட்டை லிஃப்ட்டுல போகுது, அதைத் திங்கிறவன் நடந்து போறான்."

"கொஞ்ச நாள்தானே அண்ணே."

"கிருமியை விட உங்க சட்டம்தான்ப்பா வேகமாப் பரவுது. அதுக்கு ஏதாவது ஊசி கண்டுபிடிச்சிருக்காங்களா?"

நான் சிரித்தேன். சிரிப்பு வரும்படிதான் சொன்னார்.

நாள் போகப் போக, ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே இருக்கும் திருப்பத்தில் அவர் உட்கார ஆரம்பித்தார். பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துகொள்வார். வக்கீல் வீட்டில் புகார் சொன்னார்கள். நான் போய்ப் பேசினேன்.

"அண்ணே, இங்க உக்காராதீங்க. அவங்க பயப்படறாங்க."

"மாரு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குப்பா. இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் லிஃப்ட்டுல விடேன். என்னையும் அரிசி மூட்டைன்னு நெனச்சுக்கோ."

"உங்களை விட்டா எல்லாரையும் விடணும் அண்ணே."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்திருக்கும்போது கைப்பிடியைத் தொட்டார். நான் பிறகு துடைத்துவிட்டேன்.

சில வாரங்களில் வெளியே தளர்த்தினார்கள். பேருந்து ஓடியது. கடைகள் திறந்தன. எங்கள் கட்டடத்தில் தளர்த்தவில்லை. அரசாங்கத்துக்குக் கவலைப்பட ஆயிரம் விஷயங்கள். எனக்கு ஒரு கட்டடம்தான். நான் இன்னும் கவனமாக இருக்க முடியும். சிலர் முணுமுணுத்தார்கள், ஆனால் மணி அடித்தால் கதவைச் சாத்தினார்கள். அக்காவுக்கு மட்டும்தான் என்னோடு நேருக்கு நேர் பேசும் தைரியம் இருந்தது.

"எங்க டாக்டர் என்னை வேலைக்கு வரச் சொல்லிட்டாரு. ஊரே எழுந்து நடமாடுது. நீ என்னடான்னா இன்னும் மணி அடிச்சுக்கிட்டு நிக்கிற."

"இப்பதான்க்கா ஜாக்கிரதையா இருக்கணும்."

"எதுக்கும் ஒரு அளவு வேணும்டா."

"அளவு என்னன்னு எல்லாம் முடிஞ்ச பிறகுதானே தெரியும்?"

"அது முடியற வரைக்கும் அந்த மனுஷன் படியேறியே தேயணுமா?"

"உனக்காகத்தான் பண்றேன்."

"என் பேரைச் சொல்லிப் பண்ணாத. நான் கேக்கலை."

அவள் கோபத்தில் சொன்னாள். யாருக்காகச் செய்கிறோமோ அவர்களுக்கு அது தெரிவதில்லை. நானே என்னைச் சந்தேகப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்குப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒரு தடவை சரிபார்த்தேன். எங்கேயும் பிசகு தென்படவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன்.

மத்தியானம். எட்டாவது மாடிக்குச் சாமான் வந்திருந்தது. அரிசி, எண்ணெய், சோப்பு. துடைத்து உள்ளே வைத்தேன். நீளமாக மணி அடித்தேன். கதவுகள் சாத்திக்கொண்டன. லிஃப்ட் மேலே போயிற்று. மோட்டாரில் ஒரு வாரமாக மெல்லிய உராய்வுச் சத்தம் இருந்ததால், அது திரும்பி இறங்கும்போது பக்கத்திலிருந்து கேட்கலாம் என்று படியேறி மொட்டைமாடிக்குப் போனேன். அங்கேதான் இயந்திர அறை. மோட்டார், சக்கரம், சுவரில் மெயின் சுவிட்ச், லிஃப்ட்டுக்குள் இருப்பவரோடு பேச ஒரு கருவி. அதே கருவி கீழே வாசல் மேசையிலும் உண்டு.

லிஃப்ட் எட்டிலிருந்து புறப்பட்டது. ஏழு, ஆறு, ஐந்து என்று விளக்கு மாறியது. ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே நின்றது.

லிஃப்ட் பழுதானது என்று அன்று எல்லாரிடமும் சொன்னேன். உங்களுக்கு முன்னால் வந்த அதிகாரியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் நம்பியிருப்பார். ஆனால் அது என் வேலையைப் பற்றிய தவறான செய்தி. நான் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட் பழுதாவதில்லை. மெயின் சுவிட்ச்சை இறக்கினேன். இறக்கினால் பிரேக் பிடிக்கும், பெட்டி நின்ற இடத்தில் நிற்கும்; மணியும் பேசும் கருவியும் மட்டும் பேட்டரியில் ஓடும். அதில் தபால்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

அது எனக்குத் தெரியும். படியேறும்போது எட்டாவது மாடியில் அவர்களைப் பார்த்தேன். அண்ணி சாமானை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவருக்கு முடியலைப்பா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. ஒரு கை பிடிச்சுக்கோ."

"இருங்க அண்ணி, கவசம் போட்ட ஆளுங்க வரட்டும். அவங்கதான் இறக்கணும். அதான் சட்டம்."

"உன் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடு" என்றார். நான் கை பிடிக்கவில்லை. மேலே ஏறினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பொறுமையாகச் சொல்கிறேன். அந்தப் பெட்டி கீழே போய்த் திறந்தால், முதலில் காற்று படுகிற கதவு எங்கள் கதவு. உள்ளே அக்கா, அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. அந்தப் பெட்டியில்தான் எல்லார் வீட்டுச் சாமானும் போகிறது. தராசின் ஒரு தட்டில் ஒரு மனிதர், அவருக்கு ஆபத்து, ஒருவேளை. இன்னொரு தட்டில் ஒரு கட்டடம் முழுக்க, அவர்களுக்கும் ஆபத்து, ஒருவேளை. இரண்டுமே ஒருவேளைதான். எண்ணிக்கையைப் பார்த்துத்தானே முடிவெடுக்க முடியும்? உலகம் முழுக்க அப்படித்தான் எடுத்தார்கள். அவர்கள் ஊர்களை நிறுத்தினார்கள். நான் ஒரு பெட்டியை நிறுத்தினேன். அதுவும் கொஞ்ச நேரத்துக்கு, என்ன செய்வது என்று முடிவாகும்வரை.

தலைவருக்குப் போன் செய்தேன். யார் உள்ளே என்றும், வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது என்றும் சொன்னேன். அவருக்குப் பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"வந்திருக்கிறது கவசம் போட்ட ஆளுங்களா, சாதாரண ஆம்புலன்ஸா?"

மொட்டைமாடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். "சாதாரணம்தான் சார்."

"அப்ப… நீயே பாத்துக்கோ இன்ஜினியர். உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்." வைக்கப் போனவர் மறுபடியும், "நான் சொன்னேன்னு யாருகிட்டயும் வேண்டாம்" என்றார்.

அவர் எதையும் சொல்லவில்லை என்பதை நானும் உறுதிப்படுத்துகிறேன்.

பிறகு பேசும் கருவியில் அண்ணியின் குரல் வந்தது.

"தம்பி, லிஃப்ட்டு நின்னுபோச்சு."

"தெரியும் அண்ணி. பாத்துக்கிட்டிருக்கேன்."

"இவருக்கு வேர்த்துக் கொட்டுது. சட்டையைப் பிழியலாம் போல இருக்கு."

"ஃபேன் ஓடாது அண்ணி, அதான். பட்டனைக் கழட்டி விடுங்க. மூச்சு முட்டாது, காத்து வர ஓட்டை இருக்கு. பயப்படாதீங்க."

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. காற்றுத் துளைகள் இருந்தன. போன மாதம்தான் தூசி தட்டியிருந்தேன்.

அப்புறம் அவர் பேசினார். குரல் தாழ்வாக, தரையிலிருந்து வருவது போல இருந்தது.

"நிறுத்திட்டியாப்பா?"

அவர் கோபப்படவில்லை. "அரிசி மூட்டைன்னு நெனச்சுக்கோன்னேனேப்பா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அண்ணிதான் மணியை அழுத்தினார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியதை அவர் சரியாகச் செய்தார். விரலை எடுக்காமல் நீளமாக அழுத்தினார். ஒன்பது மாடியிலும் கேட்டிருக்கும். நான் இயந்திர அறை வாசலில் நின்று கேட்டேன். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் வந்தது. ஐந்தாம் மாடி, நான்காம் மாடி, எல்லாம். நடைபாதையில் யாரோ ஒரு குழந்தையை அதட்டி உள்ளே இழுத்தார்கள். அண்ணி மறுபடியும் அழுத்தினார். திறந்திருந்த ஒன்றிரண்டு கதவும் சாத்திக்கொண்டன. அவர்கள் யாரையும் குறை சொல்லக் கூடாது. சொல்லிக் கொடுத்தபடி செய்தார்கள்.

அதற்கப்புறம் கையால் தட்ட ஆரம்பித்தார். கட்டடம் நன்றாக அடங்கியிருந்ததால் அது தெளிவாகக் கேட்டது.

அக்கா போன் செய்தாள். கீழே ஆம்புலன்ஸ்காரர்கள் தள்ளுவண்டியோடு நிற்கிறார்கள், மேசையிலிருக்கும் கருவியில் அண்ணி அழுகிறார் என்றாள்.

"மேலதானே இருக்க? என்னடா ஆச்சு?"

"போர்டு எரிஞ்சுபோச்சுக்கா. பாத்துக்கிட்டிருக்கேன்."

"கையால சுத்தி இறக்கலாம்னு நீதானே ஒரு தடவை சொன்ன?"

சொல்லியிருந்தேன். பிரேக்கை நெம்புகோலால் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் திருப்பினால் பெட்டி அடுத்த மாடிக்கு வந்துவிடும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். நெம்புகோல் என் முழங்காலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

"அதுக்கு நேரமாகும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதுவரை ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நீங்கள் விசாரித்தால் தெரிந்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. முறையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வாரம் சங்கம் வற்புறுத்தியதால் தபால்காரர் போய்ச் சோதனை செய்துகொண்டு வந்தார். நோய் இல்லை என்று வந்தது. அந்தச் சீட்டை முதலில் என்னிடம்தான் காட்டினார். "இப்பவாவது ஏத்துவியா?" என்று கேட்டார். சோதனை சில சமயம் தவறலாம் என்று சொன்னேன். தவறும், படித்திருக்கிறேன். எட்டாவது மாடியில் அண்ணியின் தோளில் சாய்ந்திருந்தபோது அவர் இருமவில்லை என்பதையும் பார்த்தேன். கை நெஞ்சில் இருந்தது. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. அது எந்த நோய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. தெரியவில்லை என்றால் கூட்டிப் போட வேண்டும். கூட்டித்தான் போட்டேன்.

தட்டுவது நின்றது. அண்ணி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கருவியில் கேட்டது. அவர் பேரை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். பிறகு அந்த அம்மாவும் பேசவில்லை. கருவியில் ஒரு இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்போது சுவிட்ச்சைப் போட்டிருக்கலாம். போடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மூச்சு நின்ற பிறகு ஒருவரால் இருமவோ தும்மவோ முடியாது. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் கொஞ்சம் அடங்கும். அவசரப்பட்டு இவ்வளவு நேரம் காத்தது வீணாகிவிடக் கூடாது என்று நினைத்தேன். நான் நிதானமாக இருந்தேன். மோட்டாரின் உராய்வுச் சத்தத்துக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்றுகூட யோசித்தேன்.

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. நாலு படி, நிறுத்தம். மறுபடி மூன்று படி, நிறுத்தம். அந்த மூச்சை எனக்குத் தெரியாதா? ஒன்பது மாடியும் மொட்டைமாடிப் படியும். இரண்டு மாடி ஏறினாலே இழுக்கும் அவளுக்கு. ஓடிப்போய் வாசலில் பிடித்துக்கொண்டேன். உதடு நீலமாக இருந்தது. பேச்சு வரவில்லை. அவள் பையில் கையை விட்டு மருந்துக் குழலைத் தேடினேன். குலுக்கி வாயருகே கொண்டுபோனேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். குழல் உருண்டு மோட்டாருக்கு அடியில் போய்விட்டது. நான் குனிந்து அதை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் சுவரைப் பார்த்திருக்கிறாள். லிஃப்ட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மேலே இருக்க வேண்டிய ஒரு கைப்பிடி கீழே இறங்கியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியும்.

"எரிஞ்சுபோச்சுன்ன" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தாள். "இதானா?"

இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். மோட்டார் முனகியது. மின்சாரம் வந்தால் பெட்டி தானாகவே பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறக்கும். அப்படித்தான் நான்காம் மாடியில் திறந்தது. கீழே நின்றவர்கள் ஓடிவந்தார்கள். மற்றது உங்களிடம் இருக்கும் மருத்துவ அறிக்கையில் இருக்கிறது. மாரடைப்பு. உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். 'இருக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள், கவனியுங்கள்.

அக்கா அன்றிலிருந்து எங்கள் அறையில் தங்கவில்லை. எட்டாவது மாடியில் அண்ணியோடு இருக்கிறாள். லிஃப்ட்டில் ஏறி இறங்குகிறாள். எல்லாரும் ஏறி இறங்குகிறார்கள். மணியை இப்போது யாரும் அடிப்பதில்லையாம்.

ஆகவே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நான்தான் நிறுத்தினேன். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்து நிறுத்தினேன். அவருக்கு அந்த நோய் இல்லை என்று அறிந்த பிறகு நிறுத்தினேன். அவர் இறந்தபிறகும் திறக்கவில்லை. அதே சமயம் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: எங்கள் கட்டடத்தில் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை. நான் யாரையும் வெறுத்ததில்லை. எனக்கு அக்கா முக்கியம், கட்டடம் முக்கியம். எல்லார் உயிரையும் ஒரே மாதிரிதான் எண்ணினேன்.

அக்கா ஒரு தடவை இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் மூச்சு நன்றாக இருந்தது. முதலில் அதைத்தான் கவனித்தேன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்" என்றாள். "அன்னிக்கு அந்த லிஃப்ட்டுல அவருக்குத் துணையா நான் ஏறியிருந்தா?"

நான் யோசிக்கவே இல்லை.

"என்னக்கா கேக்கற? அந்த நிமிஷமே இறக்கியிருப்பேன்."

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். அது ஏன் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.